மலைத்திடலில் மேலெழும்பும் இலகு விமானம்: அறிகுறி பார்த்துப் பிழை காணும் வழிமுறை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அதாவது 6,100 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இரத்மலானையின் தார் ஓடுபாதையிலும் கடற்கரைக் காற்றிலும் பறந்து பழகிய விமானி ஒருவர், அதே இருவர் விமானத்தை மலைநாட்டின் ஒரு புல்திடலுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து மீண்டும் மேலெழும்ப முயலும்போது, அவருடைய கையும் கண்ணும் கீழ்நாட்டில் கற்ற அளவுகளையே நம்பியிருக்கும். இங்கே அந்த அளவுகள் செல்லாது. தோட்டத்து லயத்தில் பிறந்து, பின்னர் இலகு விமான எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டுவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், மேலெழும்பும் ஓட்டத்தில் தோன்றும் அறிகுறிகளையும் அவற்றின் காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இதில் ஒன்றையேனும் ஒருவர் நேரத்தோடு அடையாளம் கண்டு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்பான த்ரொட்டிலை மூடினால் எனக்கு அதுவே போதும்.

நான் பேசுவது 600 கிலோகிராமுக்கு மேற்படாத மேலெழும்பு எடையும், இரண்டு ஆசனங்களும், ஒற்றை எஞ்சினும் கொண்ட இலகு விளையாட்டு விமானங்களைப் பற்றி. இவற்றில் பரவலாகக் காணப்படும் ரொட்டாக்ஸ் 912 வகை எஞ்சின் 80 அல்லது 100 குதிரைவலு தருவது. வேறு எஞ்சின் என்றால் எண்கள் மாறும். விமானத்தின் கைநூலே இறுதிச் சொல்.

அறிகுறிகளுக்கு முன் ஓர் ஏற்பாடு. ஓடுபாதையின் சரி பாதியில், இரு ஓரத்திலும், சுண்ணாம்பு பூசிய உரச்சாக்கு ஒன்றை மண் நிரப்பி வையுங்கள். அந்தச் சாக்கைக் கடக்கும்போது வேகமானி, மேலெழும்பும் வேகத்தில் 70 விழுக்காட்டைக் காட்டியிருக்க வேண்டும். 50 நொட்டில் (நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) மேலெழும்பும் விமானம் என்றால், பாதி வழியில் 35 நொட். காட்டவில்லை என்றால் த்ரொட்டிலை மூடி, நேராக ஓடவிட்டு, நிறுத்த வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்வரை கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பரிகாரம் இது ஒன்றுதான். காரணம் தேடுவது நின்ற பிறகு செய்யும் வேலை.

எஞ்சின் அடைத்து அடைத்து ஓடுகிறது, அல்லது முழுச் சுற்றுக்கு ஏறத் தயங்குகிறது

முதலில் எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். ரொட்டாக்ஸ் 912 எஞ்சினில் எண்ணெய் 50 பாகை செல்சியசை எட்டுமுன் முழு விசை கொடுக்கக் கூடாது. மலைநாட்டின் காலைக் குளிரில் இதற்குக் கீழ்நாட்டைவிட நீண்ட நேரம் பிடிக்கும். பொறுமை இழந்து புறப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து சோக். குளிரில் எஞ்சினைக் கிளப்ப இழுத்த சோக்கை முழுதாக உள்ளே தள்ள மறந்தால், கலவையில் பெற்றோல் மிகுந்து, கரும்புகையும் நடுக்கமும் வரும்.

இரட்டைப் பற்றவைப்பை, அதாவது தனித்தனியாக இயங்கும் இரு மின்பொறி அமைப்புகளை, நிமிடத்துக்கு 4,000 சுற்றில் சோதிக்க வேண்டும். ஒரு பக்கத்தை அணைத்தால் 300 சுற்றுக்கு மேல் விழக் கூடாது. இரு பக்கங்களின் வீழ்ச்சிக்கும் இடையிலான வேறுபாடு 115 சுற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிளக், அதன் தொப்பி, வயர் என்ற வரிசையில் பாருங்கள்.

சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் முழுத் திறப்பில் நடுக்கம் வந்தால், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு இரண்டு காபரேட்டர்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுகிறது. இரண்டும் ஒத்துத் திறக்காவிட்டால் எஞ்சின் தனக்குள்ளேயே இழுபறிப்படும். உள்ளே பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவைகள் பெற்றோலை உறிஞ்சிக் கனத்துத் தாழ்ந்துபோவதும் உண்டு. ஒரு சோடி மிதவை 7 கிராமுக்கு மேல் நிறுத்தால் மாற்றிவிட வேண்டும். நகைக்கடைத் தராசு இதற்குப் போதும்.

மலைநாட்டுக்கே உரிய கேடு காபரேட்டருக்குள் கட்டும் பனிக்கட்டி. வெளியே உறைநிலை வேண்டியதில்லை. 12 பாகைச் சூட்டில், கொழுந்து நனைந்து சொட்டும் மூடுபனியில், குறைந்த த்ரொட்டிலில் நீண்ட நேரம் தரையில் ஊர்ந்து திரிந்தாலே, பெற்றோல் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமும் குறுகிய தொண்டையில் விரியும் காற்றின் குளிர்ச்சியும் சேர்ந்து உள்ளே கட்டி படியும். சூடான காற்றை உள்ளே விடும் காபரேட்டர் வெப்பத்தைத் திறந்தவுடன் சுற்று சிறிது விழுந்து, எஞ்சின் சற்று முரடாக ஓடி, பிறகு திறப்பதற்கு முன் இருந்ததைவிட மேலே ஏறினால், உள்ளே கட்டி இருந்தது என்று பொருள். அது உருகித் தீரும்வரை காத்திருந்து, வெப்பத்தை மூடி, மறுபடியும் சோதித்த பின்பே ஓட்டத்தைத் தொடங்க வேண்டும்.

பெற்றோலில் தண்ணீர் கலந்திருப்பது அடுத்தது. பாதி நிரம்பிய தாங்கி இரவில் குளிரும்போது, மீதி இடத்திலுள்ள ஈரக்காற்று சுவரில் துளியாகி அடிக்குச் செல்லும். காலையில் வடிகட்டும் திருகைத் திறந்து கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால், தண்ணீர் கீழே பாசிமணி போல உருண்டு நிற்கும். குவளையைச் சாய்த்தால் மணி வேறாக ஓடும். ஆனால் குவளை முழுவதும் தண்ணீராகவே வந்துவிட்டால் பிரிகோடே தெரியாது, பார்வைக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். ஆகையால் முகர்ந்து பாருங்கள்; ஒரு துளியை விரலில் தேயுங்கள். பெற்றோல் சடுதியில் குளிர்ந்து மறையும், தண்ணீர் தங்கும். தாங்கியை மாலையிலேயே நிரப்பி வைப்பது நல்ல வழக்கம், எடைக் கணக்கு இடம்கொடுக்குமானால். 100 குதிரைவலு எஞ்சினுக்கு 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டும். அருகில் கிடைக்கிறது என்பதற்காக 92 ஐ ஊற்றக் கூடாது.

வேகமானி முள் அசையவில்லை

ஓட்டம் தொடங்கிய சில விநாடிகளில் முள் உயிர்பெற வேண்டும். பெறவில்லை என்றால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் நிறுத்திவிடுங்கள். வேகமானிக்கு எதிர்க்காற்றைக் கொண்டுவரும் காற்றழுத்தக் குழாயின் உறையைக் கழற்ற மறந்தது ஒரு காரணம். மற்றொன்று மண்குளவி. ஒருமுறை அந்தக் குழாயின் வாயை நான் கைவிளக்கால் பார்த்தபோது, உள்ளே ஒரு நகக்கண் ஆழத்தில், செம்மண்ணால் மிகச் சீராகப் பூசி மூடிய வட்டச் சுவர் ஒன்று தெரிந்தது. முந்திய மாலை அங்கே எதுவும் இருக்கவில்லை. ஊதி எடுக்க முயன்றால் மண் இன்னும் உள்ளே போகும். குழாயைக் கருவியிலிருந்து பிரித்த பிறகே துப்புரவு செய்ய வேண்டும். தரையில் ஒழுங்காகக் காட்டி, மேலே ஏற ஏறக் குறைத்துக் காட்டினால், அடைபட்டது, சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைக் கருவிக்குக் கொடுக்கும் நிலையழுத்தத் துளை.

சுற்று சரியாக இருக்கிறது, ஆனால் விமானம் வேகம் எடுக்கவில்லை

மலைநாட்டில் எனக்கு மிகவும் அச்சம் தருவது இந்த அறிகுறி. ஏனெனில் இங்கே எந்தக் கருவியும் எச்சரிப்பதில்லை.

கோணம் மாறாத புரொப்பெல்லர் பொருத்திய விமானத்தில், மெல்லிய காற்று எஞ்சினின் வலுவையும் குறைக்கிறது, புரொப்பெல்லர் தள்ளவேண்டிய சுமையையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைக்கிறது. ஆகவே சுற்றுமானி இரத்மலானையில் காட்டிய எண்ணுக்கு மிக அருகிலேயே இங்கும் காட்டும். இழுவிசை மட்டும் காற்றின் அடர்த்தி குறைந்த அளவுக்குக் குறைந்திருக்கும். விமானி சுற்றைப் பார்த்து நிறைவடைகிறார். விமானமோ ஏற்றத்தில் பாரம் இழுக்கும் மாடு போல அசைகிறது.

காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும். கணக்குக்காக வகுத்த நியமக் காற்றில் கடல்மட்டச் சூடு 15 பாகை. 1,000 அடிக்கு 2 பாகை குறையும். நுவரெலியா உயரத்தில் அது 3 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் வெயில் அடிக்கும் பிற்பகலில் அங்கே 20 பாகை இருக்கும். மிகையான ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி கூட்டினால், 17 பாகைக்கு 2,000 அடிக்கு மேல் வரும். நமக்குக் குளிரூராகத் தெரியும் அந்த இடத்தில், விமானம் தான் 8,000 அடிக்கு மேல் நிற்பதாகவே உணரும். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு இது சூடான, மெல்லிய காற்று என்று நம்புவது கடினம். அந்த நம்ப முடியாமையே ஆபத்தாகிறது.

இனி ஓட்டத் தூரத்தைப் பாருங்கள். கைநூல், கடல் மட்டத்தில், நியமச் சூட்டில், காய்ந்த தார்ப்பாதையில், 50 அடி உயரத்தைத் தாண்ட 300 மீற்றர் போதும் என்று சொல்வதாகக் கொள்வோம். பிரித்தானிய சிவில் விமான அதிகாரசபையின் பாதுகாப்பு ஏடு தரும் பெருக்கெண்களை நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். திடலின் உயரம் 1,000 அடி கூடும்போதெல்லாம் 1.1, எனவே 4,000 அடித் திடலில் 439 மீற்றர். 10 பாகை கூடுவதற்கு மீண்டும் 1.1, அந்த உயரத்துக்குரிய 7 பாகைக்குப் பதில் 25 பாகை என்றால் ஏறத்தாழ 1.2, ஆக 527 மீற்றர். நனைந்த புல்லுக்கு 1.3, ஆக 685. இரண்டு விழுக்காடு ஏற்றத்துக்கு 1.1, ஆக 754. இதற்குமேல் பாதுகாப்புக்காக 1.33. மொத்தம் ஒரு கிலோமீற்றரைத் தொட்டுவிடுகிறது. இவை ஒன்றோடொன்று கூட்டப்படுவன அல்ல, பெருக்கப்படுவன என்பதைத் தயவுசெய்து மனத்தில் வைத்திருங்கள். பின்காற்று, மேலெழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலே, அதாவது வெறும் 5 நொட்டாக இருந்தாலே, இன்னுமொரு 1.2 சேரும்.

எடை பத்து விழுக்காடு கூடினாலும் அதே 1.2 தான். மலையிலிருந்து கீழே போகிறவர் கையில் எதுவும் இல்லாமல் போவதில்லை. லீக்ஸ், கரட், கோவா என்று ஒரு சாக்கு ஆசனத்துக்குப் பின்னால் ஏறிவிடும். இருவரின் உடல் எடையும் பெற்றோலும் சேர்ந்தபின் இந்தச் சிறு விமானத்தில் மிஞ்சும் இடம் பெரும்பாலும் அந்தச் சாக்குக்குப் போதாது. மேலும் அது எடை மையத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கைத் தானாக உயர்த்தும்.

இவையெல்லாம் கணக்குக்கு உட்பட்டிருந்தும் வேகம் வரவில்லை என்றால், சக்கரங்களைப் பாருங்கள். ஒரு பிற்பகலில் நான் வலது ஆசனத்தில் இருந்தேன். கணக்குப்படி தூரம் போதும், சுற்றும் சரி. சுண்ணாம்புச் சாக்கைக் கடந்தபோது முள் 28 இல் நின்றது. விமானி ஒரு சொல்லும் பேசாமல் த்ரொட்டிலை மூடினார். திடலின் முடிவிலிருந்த கானுக்கு முன்னால் நின்று இறங்கியபோது, இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. பிரேக் கட்டை முழுதாக விலகாமல் தட்டோடு உரசிக்கொண்டிருந்தது. முதல்நாள் சேற்றில் உருட்டியபோது அதன் வழுக்குக் கம்பியில் மண் இறுகியிருந்தது. புறப்படுமுன் விமானத்தைக் கையால் தள்ளிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தள்ளிப் பார்க்கிறேன். டயர்க் காற்றுக் குறைவும் இப்படித்தான் இழுக்கும்.

சக்கரம் எழும்பிவிட்டது, ஆனால் விமானம் ஏறவில்லை. அல்லது மறுபடி அமிழ்கிறது

இறக்கையின் நீளத்துக்குச் சமமான உயரம் வரைக்கும், அதாவது இந்த விமானங்களில் ஒன்பது பத்து மீற்றர் வரைக்கும், தரையின் அண்மை காற்றின் பின்னிழுப்பைக் குறைத்துத் தாங்கிக் கொடுக்கும். போதிய வேகமில்லாமல் இழுத்து எழுப்பப்பட்ட விமானம், இந்த மெத்தைமேல் மிதக்கும். அதைத் தாண்ட முடியாது. மூக்கை இன்னும் இழுத்தால் பின்னிழுப்பு மிகுந்து, வேகம் குறைந்து, இறக்கை தாங்குவிசையை இழந்து, அதாவது ஸ்டோல் ஆகி, ஓர் இறக்கை முதலில் விழும்.

செய்யவேண்டியது மனத்துக்கு எதிரானது: மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, தரையை ஒட்டியே பறந்து, ஏறும் வேகத்தைச் சேர்த்த பின் ஏற வேண்டும். அதற்கு முன்னால் இடம் இல்லை என்றால், மீதமுள்ள தூரத்திலேயே இறக்கிவிட வேண்டும். திடலின் முடிவில் வேலியில் மெதுவாக மோதுவதற்கும், இருபது மீற்றர் உயரத்திலிருந்து மூக்குக் குத்தி விழுவதற்கும் இடையில் உயிர் இருக்கிறது.

நேரத்துக்கு முன்பே இழுக்கத் தூண்டுவது எது? கண். 8,000 அடிக்குரிய காற்றில், வேகமானி அதே 50 நொட்டைக் காட்டும் வேளையில், சக்கரத்துக்குக் கீழே புல் ஓடும் வேகம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுதலாக இருக்கும். கண் ஓரத்தில் ஓடும் புல்லைப் பார்த்துப் பழகியவர், 'போதும், எழும்பலாம்' என்று எண்ணும்போது முள் 44 இல்தான் இருக்கும். முள்ளையே நம்புங்கள். அதே 13 விழுக்காட்டால், நிறுத்தும்போது பிரேக் அடக்கவேண்டிய இயக்க ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடுகிறது என்பதையும் நிறுத்தும் தூரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. எதிரே தேயிலை மலை உயர்ந்து நிற்கும்போது, அதன் சரிவையே கண் அடிவானமாக எடுத்துக்கொள்ளும். மட்டமாகப் பறக்கும் விமானம் கீழ்நோக்கிப் போவதாகத் தோன்ற, கை தானாகவே இழுக்கும். வரிவரியாக வெட்டிய தேயிலை நிரைகள் இந்த மயக்கத்தைக் கூட்டுகின்றன. எதிரே ஏற்றமும் பின்னே பள்ளத்தாக்கும் உள்ள திடலில், சிறு பின்காற்று இருந்தாலும் பள்ளத்தாக்குப் பக்கமாக மேலெழும்புவதே பெரும்பாலும் சரி என்பது என் தீர்ப்பு. காற்று பலமானால் அன்று பறக்காமல் இருப்பதே சரி.

இடப்பக்கம் இழுக்கிறது

முழு விசையில் சிறிது இழுப்பது இயல்பு. வாலின் சுக்கானைத் திருப்பும் வலது ரடர் பெடலால் அடக்கலாம். பெடல் முழுதும் போன பின்பும் இழுத்தால் நிறுத்துங்கள். பக்கக்காற்று, உரசும் பிரேக், காற்றிறங்கிய டயர் என்ற வரிசையில் தேடுங்கள். ஓட்டத்தின் நடுவே கதவு திறந்துகொண்டால் பயப்படத் தேவையில்லை. சத்தம் பெரிதாக இருக்கும், விமானம் பெரும்பாலும் பறக்கும். கதவை மூடப்போய் விமானத்தை மறப்பதே கெடுதி.

நன்றாக ஏறிக்கொண்டிருந்தது, திடீரென்று கீழே இழுக்கிறது

இது எஞ்சின் பிழை அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் வறண்ட பலத்த காற்றாக இறங்குகிறது. வானம் நீலமாக, பார்வை தெளிவாக இருக்கும். முகட்டின் மறுபுறத்தில் காற்று அருவி போலக் கீழே கொட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய காற்றில் ஏற்கெனவே பாதியாகிப்போன ஏறும் வலுவை அது எளிதில் விழுங்கிவிடும். ஹப்புத்தளை போன்ற கணவாய்களில் காற்று நெருக்கப்பட்டு இன்னும் பலமாகும்.

அகப்பட்டால், ஏறும் வேகத்தைக் காத்துக்கொண்டு, பள்ளத்தாக்கு விரியும் திசைக்குத் திரும்பி, முகட்டிலிருந்து விலகுங்கள். உயரத்தைக் காக்க மூக்கை இழுக்காதீர்கள். விடிந்து சிறிது நேரத்திற்குள், வெயில் சரிவுகளைச் சூடாக்குமுன் புறப்படுவது இதற்கு முன்மருந்து. ஆனால் மேகம் முகட்டைத் தொட்டிருந்தால் காலையானாலும் புறப்படக் கூடாது. 1974 டிசெம்பர் 4 அன்று நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிய மார்ட்டின் எயார் டிசி-8 விமானத்தில் இருந்த 191 பேரும் மாண்டனர். அது கொழும்பில் இறங்க வந்த பெரிய விமானம், நம் விடயத்துக்கு நேரடியாகச் சேராது. ஆயினும் அந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும், இருட்டிலும் மேகத்திலும் மலை கண்ணுக்குத் தெரியாது என்பதை வேறொருவர் சொல்லத் தேவையில்லை.

மேலெழும்பிய உடன் எஞ்சின் நின்றுவிட்டது

முதல் விநாடியிலேயே மூக்கைத் தாழ்த்துங்கள். ஏறும் கோணத்தில் இருக்கும் விமானம் இழுவிசை அறுந்தவுடன் வேகத்தை மிக விரைவாக இழக்கும். திடலுக்குத் திரும்பாதீர்கள். 45 பாகை சாய்வில் ஸ்டோல் வேகம் 19 விழுக்காடு கூடும், 60 பாகையில் 41 விழுக்காடு. தாழ்ந்த உயரத்தில் அந்தத் திருப்பம் முடிவதற்குள் தரை வந்துவிடும். முன்னே, இரு புறமும் சிறு வில்லுக்குள் தெரியும் இடத்தில் இறங்குங்கள்.

எந்த இடம் என்பதைப் புறப்படுமுன்பே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். பத்தனை எனப்படும் மலைப் புல்வெளி முதல் தெரிவு. மரக்கறிப் பாத்திகள் அடுத்தது; பாத்தியின் நீளவாட்டில் இறங்க வேண்டும். தேயிலை மேலிருந்து பார்க்கப் பச்சைக் கம்பளம் போல இருந்தாலும், இடுப்பளவு உயரச் செடியின் அடியில் கைத்தடி போன்ற வைரம் பாய்ந்த கிளைகளும், நிரைக்கு நிரை கானும் கற்கட்டும் இருக்கின்றன. வேறு வழியில்லை என்றால், நிழல்மரங்களுக்கு இடையில், நிரையோடு சேர்ந்து, சரிவில் ஏறும் திசையாக, குறைந்த வேகத்தில் அமர்த்துங்கள். பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கும் மின்கம்பியைக் கண் பிடிக்காது, தூண்களைத் தேடுங்கள். பெற்றோல் அடைப்பானையும் பிரதான மின்ஆளியையும் தரையைத் தொடுமுன் மூடுங்கள்.

விமானம் விழுந்த பிறகு

முதலில் ஓடி வருபவர்கள் மலையில் வேலை செய்துகொண்டிருக்கும் நம்மவர்களாகவே இருப்பர், அதுவும் கவ்வாத்துக் கத்தியோடு. ஆகவே திடலைச் சுற்றியுள்ள தோட்டத்தாருக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டியவை உண்டு. அருகில் பீடி, நெருப்புக்குச்சி கூடாது. சில விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் அவசர வான்குடை ஒரு சிறு ராக்கெட்டால் ஏவப்படும். விரியாத நிலையில் அது கிடந்தால், அதன் சிவப்புக் கைப்பிடியையோ அதோடு செல்லும் கம்பியையோ இழுக்கவும் வெட்டவும் கூடாது, ராக்கெட் நோக்கும் பக்கத்தில் நிற்கவும் கூடாது. இடுப்புப்பட்டியை வெட்டலாம், ஆனால் நெருப்பு இல்லையென்றால் காயப்பட்டவரைத் தூக்கி இழுக்காமல், கழுத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்குபவரின் பட்டியை வெட்டுமுன் அவர் உடலை இருவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

உயிர் காப்பதற்காக அன்றிச் சிதைவை அசைக்காதீர்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13 ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, யார்மீதும் பழி சுமத்துவதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அதை நம்பி உண்மையைச் சொல்லலாம். சோக், காபரேட்டர் வெப்பம், இறக்கையின் பின்விளிம்பில் தாழும் தகடான ஃப்ளாப், பெற்றோல் அடைப்பான் ஆகியவை இருந்த நிலையைத் தொடாமல் படம் எடுங்கள். உருண்ட தடத்தை மழை அழிக்குமுன் அடியால் அளந்து எழுதுங்கள். விமானத்துக்கு ஊற்றிய அதே கலனில் மிஞ்சிய பெற்றோலில் ஒரு லீற்றரைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் எடுத்து, மூடி இறுக்கி, நாளும் நேரமும் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்து, விசாரணைக்கு வருபவர் கையில் கொடுங்கள்.